முன் அச்சை மாற்றும் முன் ஒரு தாளை எடுங்கள்

மாணவர்களே, ஜொகூரில் காஹாங் பட்டணத்திலிருந்து எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசலான கம்போங் பெத்தாவுக்குப் போகும் பாதையை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 56 கிலோமீட்டர் தூரம். பெரும்பகுதி செம்பனைத் தோட்டங்களையும் காட்டையும் ஊடுருவிப் போகும் மண்பாதை. மழை பெய்துவிட்டால் அந்தச் செம்மண் சோப்புக் கட்டியைப் போல வழுக்கும். சாதாரணக் கார் அங்கே போகாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வாகனம் வேண்டும்.

இப்படிப்பட்ட பாதைகள் உள்ள மாநிலத்தில் நான்கு சக்கர இயக்க வாகனங்களின் மேல் இளைஞர்களுக்கு ஆசை இருப்பதில் வியப்பில்லை. 1997இல் நம் நாட்டில் தொடங்கிய மழைக்காட்டுச் சவால் போட்டி, அடைமழைக் காலத்தில் வேண்டுமென்றே சேற்றில் இறங்கும் போட்டி என்று உலகறிந்த ஒன்றாகிவிட்டது. வகுப்பில் மெதுவாகப் பேசும் மாணவன்கூட ஹைலக்ஸ், ஜிம்னி என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறான். அண்ணன்மார்களும் மாமன்மார்களும் இப்போது அதிகம் பேசும் வேலை ஒன்று உண்டு: பிக்-அப்பின் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டு, 'சாலிட் ஆக்சில்' எனப்படும் முழு அச்சைப் பொருத்துவது.

இந்த வேலையில் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது பணத்தாலோ பிராண்டாலோ முடிவாகக் கூடாது, உங்கள் அறிவியல் நோட்டில் இருக்கும் சில கணக்குகளால் முடிவாக வேண்டும் என்பது என் கருத்து. கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த மாற்றமே தேவையில்லை என்றுதான் பலருக்கும் விடை வரும் என்றும் நினைக்கிறேன். ஏன் என்று பார்ப்போம்.

முழு அச்சு என்றால் என்ன?

இன்றைய பெரும்பாலான பிக்-அப்களில் முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக மேலும் கீழும் அசையும். இடது சக்கரம் குழியில் இறங்கினால் வலது சக்கரத்துக்கு அது தெரியாது. தார்ச்சாலையில் இது மிக நல்ல அமைப்பு. 2005இல் வந்த ஹைலக்ஸும் அதற்குப் பின் வந்தவையும் இப்படித்தான்.

முழு அச்சு பழைய முறை. ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை இரும்பால் ஆன ஒரே உறை. அதன் உள்ளேதான் டிஃப்ரன்ஷியலும் இரண்டு ஷாஃப்டுகளும் இருக்கும். ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்கும், விளையாட்டுத் திடலில் உள்ள ஏற்ற இறக்கப் பலகையைப் போல. ஒரு சக்கரம் மரவேரின் மேல் ஏறும்போது மறு சக்கரம் தரையை நோக்கித் தள்ளப்படுகிறது. தரையைத் தொடும் சக்கரம்தான் இழுக்கும். காட்டுப் பாதையில் முழு அச்சுக்கு இருக்கும் பெருமை இதுதான்.

இன்னொரு நன்மையும் உண்டு. தனித்தனி அமைப்பில் ஸ்பிரிங் அமுங்கும்போது வாகனத்தின் உடலோடு சேர்ந்து டிஃப்ரன்ஷியலும் தரையை நெருங்கிவிடும். முழு அச்சில் டிஃப்ரன்ஷியல் சக்கரங்களோடு சேர்ந்தே இருப்பதால், அதற்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டயரின் ஆரமே தீர்மானிக்கிறது.

1984இல் வந்த லேண்ட் குரூசர் 70 வரிசையும், 2018இல் வந்த புதிய ஜிம்னியும் முன்பக்கத்தில் முழு அச்சையே வைத்திருக்கின்றன. ஆனால், 1979 முதல் முழு அச்சோடு ஓடிய மெர்சிடிஸ் ஜி வகை, 2018இல் முன்பக்கத்தைத் தனித்தனி அமைப்புக்கு மாற்றிக்கொண்டது. ஏன்? முழு அச்சு கனமானது. அந்தக் கனம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது ஒரு சிறு மேடு பட்டாலும் அந்தக் கனம் முழுவதும் குலுங்கும், ஸ்டீயரிங் அதிரும். ஒரு வாகனத்தைக் காட்டுக்கும் சாலைக்கும் ஒரே அளவில் பொருத்தமாக்க முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

டயரிலிருந்து தொடங்குங்கள்

பட்டறையில் பேச்சு பெரும்பாலும் அச்சிலிருந்து தொடங்கும். "எந்த அச்சு பெரியது, எது உடையாது?" என்பார்கள். தொடக்கமே தவறு. முதலில் டயரின் அளவைக் கேட்க வேண்டும். காரணம் எளிது.

இரண்டு டன் எடையுள்ள வாகனத்தில் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 500 கிலோ, அதாவது ஏறத்தாழ 5000 நியூட்டன் அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த பாறையில் உராய்வுக் கெழு 0.8 என்றால், சக்கரம் வழுக்கும் முன் தரையை 4000 நியூட்டன் வரை தள்ள முடியும். டயரின் விட்டம் 29 அங்குலம் என்றால் ஆரம் 0.37 மீட்டர். விசையை ஆரத்தால் பெருக்கினால் முறுக்கு விசை 1480 நியூட்டன் மீட்டர். அதே வாகனத்தில் 35 அங்குல டயர் போட்டால் ஆரம் 0.44 மீட்டர், முறுக்கு விசை 1760 நியூட்டன் மீட்டர்.

எஞ்சினைத் தொடவே இல்லை. டயரை மட்டும் மாற்றியதில் ஷாஃப்ட் தாங்க வேண்டிய முறுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. இரண்டாம் படிவத்தில் படித்த திருப்புத்திறன்தான் இது. கதவின் கீலுக்கு அருகில் தள்ளுவதற்கும் கைப்பிடியில் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு.

இனி எஞ்சின் பக்கம் பாருங்கள். எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர் தருகிறது. முதல் கியர் அதை 4 மடங்காக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்கியர் 2.5 மடங்காக்கும், டிஃப்ரன்ஷியல் 4.1 மடங்காக்கும். பெருக்கிப் பாருங்கள்: இழப்புகளை விட்டுவிட்டால் 12,300 நியூட்டன் மீட்டர்! இவ்வளவு முறுக்கும் ஷாஃப்டைத் தாக்காமல் காப்பது உராய்வின் எல்லை. அந்த எல்லையைத் தாண்டினால் டயர் வழுக்கிச் சுழலும், ஷாஃப்ட் தப்பிக்கும். ஆனால், டயர் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டால் வழுக்க முடியாது. அப்போது ஓட்டுநர் பொறுமையிழந்து எண்ணெயை மிதித்தால், அந்த முறுக்கு எங்காவது வழி தேடும். ஷாஃப்டுகள் உடைவது பெரும்பாலும் அப்படித்தான்.

தடிமனும் மூன்றாம் அடுக்கும்

அப்படியானால் மிகத் தடிமனான ஷாஃப்ட் உள்ள அச்சை வாங்கிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. உருண்டையான ஒரு தண்டு தாங்கக்கூடிய முறுக்கு, அதன் விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 30 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்குப் பதில் அதே உலோகத்தில் 33 மில்லிமீட்டர் போட்டால் விட்டம் பத்து விழுக்காடுதான் கூடுகிறது. ஆனால் 1.1 × 1.1 × 1.1 = 1.331. வலிமை 33 விழுக்காடு கூடிவிட்டது!

மேலே கண்ட கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். 29இலிருந்து 35 அங்குல டயருக்குப் போனதால் கூடிய சுமை சுமார் 20 விழுக்காடு. மூன்று மில்லிமீட்டர் தடிமன் அதை ஈடுகட்டி மிச்சமும் வைக்கிறது. இதற்கு லாரியின் அச்சு எதற்கு? கனமான அச்சில் டிஃப்ரன்ஷியல் உறையும் பெரிதாக இருக்கும். அது தரைக்கு இன்னும் அருகில் தொங்கும். இடைவெளிக்காகப் பெரிய டயர் போட்டு, பெரிய உறையால் அதே இடைவெளியை இழப்பது என்ன கணக்கு? கூடிய எடைக்கு வலிமையான பிரேக் வேண்டும், கெட்டியான ஸ்பிரிங் வேண்டும், அப்சார்பர் வேண்டும். ஒன்று பத்தாகிவிடும்.

எது முதலில் உடைய வேண்டும்?

உங்கள் வீட்டு மூன்று முள் பிளக்கைத் திறந்தால் உள்ளே ஒரு சிறிய ஃபியூஸ் இருக்கும். அதில் 13 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். மின்சாரம் அளவுக்கு மீறினால் அது உருகி, கம்பியையும் வீட்டையும் காப்பாற்றும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று அதற்குப் பதில் ஆணியைச் செருகுபவரை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

வாகனத்திலும் அப்படி ஒரு கண்ணி வேண்டும். எஞ்சினில் தொடங்கி கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃப்ரன்ஷியல், ஷாஃப்ட், மூட்டு, சக்கரக் குடம் என்று போவது ஒரு சங்கிலி. ஒரு கண்ணியைப் பலப்படுத்தினால் அடுத்த பலவீனமான கண்ணிக்கு உடைவு நகரும், மறைந்துவிடாது. ஷாஃப்டை மிகப் பலமாக்கினால் டிஃப்ரன்ஷியலின் பற்கள் நொறுங்கலாம். அதை நடுக்காட்டில் மாற்ற முடியாது. எனவே சக்கரக் குடத்தில் உள்ள பூட்டு போன்ற மலிவான, எளிதில் கழற்றக்கூடிய, பையில் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பாகத்தை ஃபியூஸாக விட்டுவைப்பது நல்ல பொறியியல்.

அதே நேரத்தில் ஒருபோதும் உடையக் கூடாத பாகங்கள் எவை? ஸ்டீயரிங்கும் பிரேக்கும். ஷாஃப்ட் உடைந்தால் வாகனம் நின்றுவிடும், அவ்வளவுதான். ஸ்டீயரிங் கம்பி உடைந்தால் வாகனம் நிற்காது, போகிற போக்கில் போகும். அதனால்தான் பணம் குறைவாக இருந்தால் அச்சில் மிச்சம் பிடியுங்கள், ஸ்டீயரிங்கில் பிடிக்காதீர்கள் என்கிறேன்.

பொருந்த வேண்டியவை

இப்போதுதான் அச்சைத் தேடலாம். ஜொகூரில் இதற்குப் 'போத்தோங்' கடைகளும், ஜப்பானிலிருந்து வரும் 'ஹாஃப்-கட்' வண்டிகளும் இருக்கின்றன. அங்கே போகும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும். அதில் நான்கு கேள்விகள்.

முதலாவது, டிஃப்ரன்ஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது? முன் அச்சில் அது நடுவில் இருக்காது. ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வரும் ஷாஃப்டும் அதே பக்கம் வர வேண்டும். லேண்ட் குரூசரின் அச்சில் அது வலப்பக்கம். ஜீப் ரேங்லரில் இடப்பக்கம். பக்கம் மாறினால் எவ்வளவு நல்ல அச்சாக இருந்தாலும் உங்களுக்கு அது பழைய இரும்புதான்.

இரண்டாவது, பல் விகிதம். முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். முன்னால் 4.10, பின்னால் 4.30 என்று இருந்தால், பின் சக்கரம் 100 மீட்டர் போகும்போது முன் சக்கரம் ஏறத்தாழ 105 மீட்டர் போகப் பார்க்கும். சேற்றில் வழுக்கிச் சமாளித்துவிடும். தாரில் வழுக்க முடியாமல் பற்களும் ஷாஃப்டுகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

விகிதம் டயருக்கும் பொருந்த வேண்டும். 31 அங்குலத்திலிருந்து 35 அங்குலத்துக்குப் போனால் 35 ÷ 31 = 1.13. பழைய இழுவை வேண்டுமென்றால் 4.10ஐ 1.13ஆல் பெருக்க வேண்டும், 4.63 வரும். கிடைக்கும் பல்சக்கரங்களில் அதற்கு அருகில் இருப்பது 41க்கு 9 பற்கள் கொண்ட 4.56. இன்னும் இழுவை வேண்டுமானால் 39க்கு 8 பற்கள் கொண்ட 4.88.

மூன்றாவது, சக்கரத்துக்கு அருகில் உள்ள மூட்டு எந்த வகை? சிலுவை வடிவ மூட்டுக்கு ஹூக் மூட்டு என்று பெயர். ஸ்பிரிங் விதியைச் சொன்ன அதே இராபர்ட் ஹூக்தான்! இந்த மூட்டு மலிவானது, மாற்றவும் எளிது. ஆனால், சக்கரத்தை 30 பாகை திருப்பினால், ஷாஃப்ட் சீராகச் சுற்றினாலும் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே வேகம் மாறிமாறிச் சுற்றும். 0.87 என்பது கொசைன் 30, 1.15 அதன் தலைகீழ். கணித ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். குண்டுகள் வைத்த சம வேக மூட்டில் இந்தத் துடிப்பு இல்லை. ஆனால் அது மண்ணும் நீரும் புகாமல் மூடப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவது, ஸ்பிரிங். அடுக்குத் தகட்டு ஸ்பிரிங் எடையையும் தாங்கும், அச்சையும் இடம் பெயராமல் பிடித்துக்கொள்ளும். சுருள் ஸ்பிரிங் எடையை மட்டுமே தாங்கும்; அச்சைப் பிடிக்க நீளவாக்கில் கம்பிகளும், பக்கவாட்டில் 'பன்ஹார்டு' என்னும் கம்பியும் வேண்டும். சுருள் ஸ்பிரிங் சொகுசாக இருக்கும். ஆனால் அந்தக் கம்பிகளைப் பிடிக்கும் ஒவ்வொரு தாங்கியும் யாரோ ஒருவர் வெல்டிங் செய்தது. கையில் அளவும் அனுபவமும் குறைவாக இருந்தால் அடுக்குத் தகடே பாதுகாப்பானது.

ஸ்டீயரிங்கில் மூன்று சோதனைகள்

புதிய பிக்-அப்களில் உள்ள பற்சட்ட ஸ்டீயரிங் முழு அச்சுக்குப் பொருந்தாது. அச்சு ஏறி இறங்கும், பற்சட்டம் வண்டியின் உடலில் நிற்கும். எனவே சேசிஸில் பொருத்தும் ஸ்டீயரிங் பெட்டி வேண்டும்.

அந்தப் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியும் பன்ஹார்டு கம்பியும் இணையாகவும் ஏறத்தாழ ஒரே நீளத்திலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் வெவ்வேறு வட்டவில்லில் அசையும். ஒவ்வொரு மேட்டிலும் நீங்கள் தொடாமலேயே ஸ்டீயரிங் திரும்பும்.

மூன்றாவது, திருப்பு அச்சின் சாய்வு. பேரங்காடித் தள்ளுவண்டியின் முன் சக்கரத்தைக் கவனியுங்கள். திருப்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் சக்கரம் தரையைத் தொடுவதால், தள்ளியதும் அது தானாக நேராகிறது. வாகனத்தில் இதைச் சில பாகைச் சாய்வால் செய்கிறார்கள். வாகனத்தை உயர்த்தும்போது இந்தச் சாய்வு கெட்டுப்போனால் வளைவிலிருந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது.

மறுபக்கமும் கேட்போம்

"தோட்டத்தில் அந்தக் காலத்திலிருந்தே லேண்ட் ரோவரைக் கட்டியும் ஒட்டியும் ஓட்டினோம். கணக்கா போட்டோம்?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரப்பர்த் தோட்டக் காலம் தொட்டு நம் தாத்தாக்கள் டிராக்டரையும் லாரியையும் காதால் கேட்டே பழுது கண்டுபிடித்தார்கள். அதுவும் அறிவியல்தான்; பல ஆண்டு கவனிப்பில் விளைந்த அறிவு. ஆனால் அந்த வண்டிகள் பெரும்பாலும் தோட்டத்துக்குள் மெதுவாக ஓடின. இன்று மாற்றியமைக்கும் பிக்-அப் சனிக்கிழமை சேற்றில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிறது.

அந்த நெடுஞ்சாலையில் ஒரு கணக்கு. 31 அங்குலத்துக்காக அமைந்த வேகமானி, 35 அங்குல டயரில் 90 காட்டும்போது உண்மை வேகம் ஏறத்தாழ 102. உயரம் கூடிய, கனம் கூடிய, பிரேக் மாறிய வாகனம் அது. பின் இருக்கையில் இருக்கும் தம்பி தங்கைக்கு இது எதுவும் தெரியாது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அதனால்தான் இப்படிப்பட்ட மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் முறையான வாகனச் சோதனையும் தேவைப்படுகின்றன. இதைத் தொல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கைச் சரியாகப் போட்டவருக்கு, தன் வேலையை இன்னொருவர் சரிபார்ப்பதில் என்ன தயக்கம்?

என் கருத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். வாரநாள் முழுதும் தாரில் ஓடி, ஆண்டுக்கு இரண்டு முறை கம்போங் பெத்தா போகும் வண்டிக்கு முழு அச்சு மாற்றம் வேண்டாம். நல்ல டயரும், சரியான காற்றழுத்தமும், பொறுமையான காலும் போதும். முழு அச்சுதான் வேண்டுமென்றால், அது ஆலையிலேயே பொருத்தப்பட்ட ஒரு பழைய வண்டியைத் தேடுவது பெரும்பாலும் மலிவு, எப்போதும் பாதுகாப்பு. போட்டிக்காகவோ கடினமான காட்டு வேலைக்காகவோ உண்மையிலேயே தேவைப்படுபவர் செய்யட்டும். டயர், ஃபியூஸ், ஸ்டீயரிங், அதன் பிறகு அச்சு என்ற வரிசையில் செய்யட்டும்.

அறிவியல் தமக்கு வராது, கைவேலைதான் வரும் என்று தம்மைப் பற்றியே சொல்லிக்கொள்ளும் மாணவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதினேன். மேலே உள்ளவற்றில் விசை, உராய்வு, திருப்புத்திறன், மூன்றாம் அடுக்கு, கொசைன் எல்லாம் வந்துவிட்டன. பட்டறையில் நிற்கும்போது நீங்கள் இயற்பியல் வகுப்பை விட்டு வெளியே போய்விடவில்லை.

அடுத்த முறை அப்பாவோடோ மாமாவோடோ போத்தோங் கடைக்குப் போனால், கழற்றிக் கீழே வைத்த ஓர் அச்சைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பக்கச் சக்கரக் குடத்தை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மறுபக்கக் குடத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். டிஃப்ரன்ஷியலின் வாயில் உள்ள வட்டத்தட்டு எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுங்கள். நாலு சுற்றும் இன்னும் கொஞ்சமும் வந்தால் அது 4.10ஆக இருக்கலாம், ஐந்துக்குச் சற்றே குறைந்தால் 4.88. ஏன் ஒரு சுற்று அல்ல, இரண்டு சுற்று? டிஃப்ரன்ஷியல் எப்படி வேலை செய்கிறது என்று படித்துவிட்டு நீங்களே விடை கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் தாளில் எழுதி, அடுத்த அறிவியல் வகுப்பில் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.